வாக்கி டாக்கி பேசவில்லையா? முதலில் விளக்கைப் பாருங்கள்

ரிப்பேர் என்று கழற்றப்படும் வாக்கி டாக்கிகளில் பலவற்றின் உள்ளே ஒரு கோளாறும் இருக்காது. ஏதோ ஒரு செட்டிங் மாறியிருக்கும். இல்லையென்றால் அந்த வேலைக்கு அந்த செட்டே பொருந்தாததாக இருக்கும். முதல் வகையை உட்கார்ந்த இடத்திலேயே சரிசெய்துவிடலாம். இரண்டாவதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது, வேறு செட்தான் வாங்க வேண்டும். எது எந்த வகை என்று அறிகுறியை வைத்துப் பிரிப்போம்.

சோதனைக்கு இரண்டு செட், முழு சார்ஜ், துணைக்கு ஒரு ஆள் வேண்டும். இருவருக்கும் நடுவே 15, 20 மீட்டராவது இருக்கட்டும், ஒரு சுவரும் இருந்தால் நல்லது. மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அவ்வளவு அருகில் ஒன்றின் சிக்னல் மற்றதன் ரிசீவரைத் திணறடித்துவிடும், நல்ல செட்டும் கெட்டது போலக் காட்டும். அப்போது ‘கீ’ என்று ஒரு ஊளை கேட்டால் பயப்பட வேண்டாம். ஒன்றின் ஸ்பீக்கர் சத்தம் மற்றதன் மைக்கில் நுழைகிறது, அவ்வளவுதான். சொல்லப்போனால் இரண்டும் வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது செட்டின் தலையில் இருக்கும் விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான செட்டுகளில் பேசும் பட்டனை அழுத்தினால் சிவப்பு, யாராவது பேசுவது வந்து சேர்ந்தால் பச்சை. விளக்கே இல்லாத சின்ன செட்டுகளில் திரையில் அம்புக்குறியோ கோபுரமோ தெரியும். பாதி நோயை இந்த விளக்கே சொல்லிவிடும்.

பட்டனை அழுத்தினால் சிவப்பு வரவில்லை

‘பீப்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து சிவப்பு எரியாவிட்டால், செட் வேண்டுமென்றே மறுக்கிறது. மறுப்பதற்கு நான்கு காரணங்கள் வழக்கம். பேட்டரி இறங்கியிருக்கலாம். அந்த சேனலில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்க, உங்கள் செட்டில் ‘பிஸி லாக்’ போட்டிருக்கலாம்; மெனுவில் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்த அலைவரிசையில் கேட்க மட்டுமே செட்டுக்கு அனுமதி இருக்கலாம். அல்லது நேர வரம்பு முடிந்திருக்கலாம். பல செட்டுகள் 60 அல்லது 180 நொடிக்கு மேல் தொடர்ந்து பேசினால் தானாக நிறுத்திவிடும். பட்டனை விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும்.

பீப்பும் இல்லை, சிவப்பும் இல்லை என்றால் பட்டனைப் பாருங்கள். மேலே தெரியும் ரப்பருக்குள் இருப்பது ஒரு சின்னஞ்சிறு சுவிட்ச். ரப்பர் நைந்துபோனால் அழுத்தம் உள்ளே போய்ச் சேராது. இயர்போன் மைக்கைச் செருகி அதன் பட்டனை அழுத்துங்கள். அதில் சிவப்பு வந்தால் செட்டின் பட்டன்தான் போயிருக்கிறது, சுவிட்சை மாற்றிக்கொள்ளலாம்.

சிவப்பு வருகிறது, எதிர் செட்டில் பச்சை வரவில்லை

சிக்னல் போய்ச் சேரவே இல்லை. 20 மீட்டரில் இப்படி என்றால் பெரும்பாலும் அலைவரிசைதான் வேறு. இரண்டு திரையிலும் 5 என்று தெரிவதால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்று அர்த்தமில்லை. சேனல் எண் என்பது கம்பெனிக்காரர் வைத்த பெயர், அவ்வளவே. அலைவரிசைதான் முகவரி.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் பேசக்கூடிய 446 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் வழக்கமான அடுக்கு இது: முதல் சேனல் 446.00625, அடுத்தது 12.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 446.01875, எட்டாவது 446.09375, பதினாறாவது 446.19375. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த ஜோடி செட்டில் முதல் சேனல் 462.5625 மெகாஹெர்ட்ஸ். அந்த ஜோடி தமக்குள் பேசிக்கொள்ளும், இங்கே வாங்கிய 446 செட்டோடு எந்தக் காலத்திலும் பேசாது. அதோடு, இங்கே அந்த அலைவரிசைக்கு உரிமம் இல்லாமல் பேச அனுமதியும் கிடையாது. அதைத் திருகிப் பார்ப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அலைவரிசை ஒன்றாக இருந்தும் பச்சை வரவில்லை என்றால், கேட்கும் செட்டில் ஸ்கெல்ச் அளவைப் பாருங்கள். வெறும் இரைச்சல் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும் வாசல் அது. 0 முதல் 9 வரை இருக்கும். 9-ல் வைத்தால் மெலிந்த சிக்னல் எல்லாம் வெளியிலேயே நின்றுவிடும். 2, 3 போதும். அடுத்தது ஆன்டெனா. ஒய்ஃபை ரவுட்டரிலிருந்து கழற்றிய ஆன்டெனா சில செட்டில் மரை சரியாக ஏறிவிடும். ஆனால் நடுவில் இரு பக்கமும் ஓட்டைதான் இருக்கும், ஊசி இருக்காது. பார்க்கப் பொருந்தியிருக்கும், மின்தொடர்பே இருக்காது. ஆன்டெனாவே இல்லாமல் பேசுவதற்கு அது சமம். அப்படிப் பேசினால் வெளியே போகாத சக்தி திரும்பி வந்து கடைசி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். ‘ஒரு நிமிஷம்தானே’ என்று ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அழுத்திப் பார்க்கும் பழக்கத்தில்தான் நல்ல செட்டுகள் சாகின்றன.

ரிப்பீட்டர் (உயரத்தில் நின்று சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசும் ஹாம் செட், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர் செட், என்றால் இன்னொன்றும் உண்டு: ஆஃப்செட். கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் உள்ள இடைவெளி அது. 2 மீட்டர் பட்டையில், அதாவது 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம், வழக்கம் 600 கிலோஹெர்ட்ஸ் கழித்தல். அதாவது 145.650-ல் கேட்கும் ரிப்பீட்டருக்கு 145.050-ல் பேச வேண்டும். குறி + என்று இருந்தால் நாள் முழுக்கப் பேசினாலும் ரிப்பீட்டர் திறக்காது.

பச்சை எரிகிறது, சத்தம் இல்லை

இதுதான் அதிகம் ஏமாற்றும் அறிகுறி. ‘ஸ்பீக்கர் போச்சு’ என்று செட்டைப் பிரித்துவிடுவார்கள். முதலில் வால்யூம், அடுத்து இயர்போன் துளை. அதில் தூசியோ முறிந்த பின்னோ மாட்டியிருந்தால் செட் இயர்போன் இருப்பதாக நினைத்து ஸ்பீக்கரை அடைத்துவிடும். இவை இரண்டும் சரி என்றால், எதிரில் இருப்பவர் பேசும்போது மானிட்டர் பட்டனை, அதாவது எந்தப் பூட்டும் பார்க்காமல் ஸ்பீக்கரைத் திறந்துவிடும் பட்டனை, அழுத்திப் பிடியுங்கள். குரல் கேட்டுவிட்டால் செட்டில் ஒரு குறையும் இல்லை. டோன் பொருந்தவில்லை.

டோன் என்பது பேச்சோடு சேர்ந்து அடியில் ஓடும் ஒரு தாழ்ந்த ஒலி, 67 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் சொச்சம் வரை. கேட்கும் செட் ‘இந்த ஒலி இருந்தால்தான் ஸ்பீக்கரைத் திறப்பேன்’ என்று காத்திருக்கும். இந்தப் பூட்டைப் பெட்டியில் ‘பிரைவசி கோட்’ என்று அச்சிட்டு விற்கிறார்கள். அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. டோன் போடாத எந்த செட்டிலும் நீங்கள் பேசுவது அப்படியே கேட்கும். மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் இருக்க மட்டுமே அது உதவும்.

சிக்கல் எண்களில் வருகிறது. ஒரு கம்பெனியின் பட்டியலில் 1 என்றால் 67.0, 2 என்றால் 71.9, 3 என்றால் 74.4. இன்னொன்றில் நடுவே 69.3 சேர்ந்துவிடும், அங்கே 2 என்றால் 69.3, 3 என்றால் 71.9. இரண்டு செட்டிலும் 3 என்று வைத்துவிட்டு ‘எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கு’ என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். எண்ணை விடுங்கள், ஹெர்ட்ஸை ஒப்பிடுங்கள். கையேட்டின் பின்பக்கத்தில் அட்டவணை இருக்கும். டிஜிட்டல் டோன் வகையில் 023 என்று ஒன்றாக இருந்தாலும் ஒன்று நேர், மற்றது தலைகீழ் என்று இருக்கலாம். 023-க்குப் பின்னால் நிற்கும் எழுத்தையும் பாருங்கள்.

‘நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை’ என்பதும் இதே நோய்தான். அனுப்பும் டோனும் பெறும் டோனும் மெனுவில் தனித்தனி. உங்கள் செட் டோனுக்காகக் காத்திருக்கிறது, அவர் செட் அதை அனுப்பவில்லை. மிக எளிய வழி: எல்லா செட்டிலும் டோனை அறவே எடுத்துவிட்டுப் பேசிப் பாருங்கள். பேசிவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள்.

பச்சை எரிந்து, மானிட்டரை அழுத்தினால் குரலுக்குப் பதில் ‘டர்ர்’ என்று இயந்திரச் சத்தம் வந்தால், எதிர் செட் டிஜிட்டலில் பேசுகிறது. அனலாக் செட்டால் அதைப் பிரிக்க முடியாது. இரண்டும் டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் முறையில் பேசுபவை என்றால் கலர் கோட், டைம் ஸ்லாட், குழு எண் என்ற மூன்று செட்டிங்கும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் மௌனம்தான்.

சத்தம் வருகிறது, பேச்சு புரியவில்லை

முதல் வார்த்தை மட்டும் வெட்டுப்படுகிறதா? பட்டனை அழுத்திய உடனே பேசுகிறார்கள். எதிர் செட் பேட்டரி சேமிப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். அது விழித்து, டோனைக் கண்டுபிடித்து, ஸ்பீக்கரைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அழுத்தி, ஒரு நொடி விட்டு, பிறகு பேசச் சொல்லுங்கள். ‘வேண்டாம், தூக்காதே’ என்பதில் ‘வேண்டாம்’ போனால் கிரேன் வேலையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

குரல் கரகரவென்று உடைந்து வந்தால், பேசும் செட் அகல அலையிலும் கேட்கும் செட் குறுகிய அலையிலும் இருக்கலாம். ஒரு சேனல் பிடிக்கும் இடத்தின் அளவு இது: அகலம் 25 கிலோஹெர்ட்ஸ், குறுகல் 12.5. நேர் எதிராக இருந்தால் குரல் உடையாது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல அமுங்கி வரும். இரண்டையும் ஒன்றாக வையுங்கள். கத்திப் பேசினாலும் உடையும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு, சாதாரணக் குரலில் பேசினால் போதும். மைக் துளை எங்கே என்றும் காட்டிக்கொடுங்கள். ஊசி முனை அளவுதான் இருக்கும், சிமென்ட் தூசி அடைத்திருக்கும். குண்டூசியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் மைக் கிழியும். பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டி எடுங்கள்.

சிவப்பு அணையவே இல்லை

ஒரு செட் இப்படி ஆனால் அந்த சேனலே முடங்கும். இரண்டு பின் உள்ள இயர்போன் பிளக், அதாவது 3.5 மில்லிமீட்டரும் 2.5 மில்லிமீட்டரும் சேர்ந்தது, பாதி மட்டும் இறங்கியிருந்தால் செட் தானாகப் பேச ஆரம்பித்துவிடும். ‘டக்’ என்று உட்காரும் வரை அழுத்துங்கள். செட்டின் தடித்த உறை பிளக்கை இறங்கவிடாமல் தடுப்பதும் உண்டு.

மண்டபங்களில் இன்னொரு காரணம் வாக்ஸ். குரல் கேட்டால் பட்டன் இல்லாமலே அனுப்பும் வசதி அது. மேளம் ஆரம்பித்ததும் தவில் சத்தத்துக்கு செட் திறந்துகொள்ளும், கெட்டிமேளம் முடியும்வரை மூடாது. பந்தியிலிருந்து ‘சாம்பார் வாளி எங்கே’ என்று கேட்பவர் குரல் யாருக்கும் போகாது. சத்தமான இடத்தில் வாக்ஸை நிறுத்தியே வையுங்கள்.

யாரும் பேசாமலே இரைச்சல்

ஸ்கெல்ச் 0-ல் இருந்தால் ஓயாமல் ‘உஸ்’ என்று வரும். 3-ல் வைத்தும் வருகிறதென்றால் பக்கத்தில் ஏதோ ஒன்று இரைகிறது. சீரியல் லைட், மலிவான எல்.இ.டி. டிரைவர், போன் சார்ஜர், ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அணைக்க முடியாதென்றால் செட்டோடு நான்கு எட்டு தள்ளி நில்லுங்கள். டோன் போட்டால் காதுக்கு இரைச்சல் கேட்காது. ஆனால் அது அடியில் இருந்துகொண்டேதான் இருக்கும், மெலிந்த சிக்னலை விழுங்கிவிடும்.

பட்டனை அழுத்தினால் அணைந்துவிடுகிறது

பேட்டரி. 7.4 வோல்ட் பேக் முழு சார்ஜில் 8.4 காட்டும், 3.7 வோல்ட் பேக் 4.2 காட்டும். சும்மா வைத்து மல்டிமீட்டரில் அளந்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வது தவறு. கேட்டுக்கொண்டிருக்கும்போது செட் இழுப்பது மிகக் கொஞ்சம். 5 வாட்டில் பேசும்போது ஒன்றரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பழைய செல்லின் வோல்டேஜ் அந்த நொடியில் சரியும், விட்டதும் ஏறிக்கொள்ளும். குறைந்த பவரில் பேசினால் அணையவில்லை, அதிகப் பவரில் அணைகிறது என்றால் பேக்கை மாற்றுங்கள். உப்பியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

காலி பேட்டரியை வைத்ததும் சார்ஜரில் பச்சை எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை, தொடர்பு இல்லை. பேட்டரியின் பின்புறத் தகடுகளை அழி ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். சார்ஜரின் ஸ்பிரிங் முள் உள்ளே சிக்கியிருக்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள்.

மூன்று சின்ன பென்சில் செல் போடும் செட்டில் ரீசார்ஜ் செல் போட்டால் முழு சார்ஜிலும் பாதிதான் காட்டும். சாதா செல் மூன்று சேர்ந்தால் 4.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 3.6. அது கோளாறு இல்லை. சாதா செல்லோடு சார்ஜரில் வைப்பதுதான் ஆபத்து.

‘ஒரு நாள் வரும் என்றார்கள், மதியமே தீர்ந்துவிடுகிறது’ என்பவர்களுக்கு: பெட்டியில் போடும் மணிக்கணக்கு வழக்கமாக 5 பங்கு பேச்சு, 5 பங்கு கேட்பது, 90 பங்கு சும்மா இருப்பது என்று வைத்துப் போட்ட கணக்கு. மண்டபத்தில் அப்படி யார் சும்மா இருக்கிறார்கள்? ஆளுக்கு ஒரு மாற்று பேட்டரி வாங்குங்கள்.

பக்கத்தில் நன்றாகக் கேட்கிறது, தள்ளிப் போனால் இல்லை

செட்டைக் குறை சொல்லுமுன் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். இடுப்பில் மாட்டி இயர்போனில் பேசினால் பாதி சிக்னலை உடம்பே குடித்துவிடும். முகத்துக்கு நேரே, ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்படி பிடியுங்கள். பவர் ‘லோ’வில் இருக்கிறதா, ஆன்டெனா அடியில் ஆடுகிறதா என்று பாருங்கள். கட்டடத்துக்குள் என்றால் லிஃப்ட், இரும்புக் கதவு, தரைக்குக் கீழான பார்க்கிங் மூன்றும் எதிரிகள். ஜன்னல் பக்கமோ படிக்கட்டுப் பக்கமோ இரண்டடி நகர்ந்தாலே நிலைமை மாறும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் எதிர்பார்ப்பைச் சரிசெய்ய வேண்டும். இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றன. அடிவானம் வரைதான் எட்டும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். ஆள் நிற்கும் 1.5 மீட்டர் உயரத்துக்கு 5 கி.மீ.; இருவருக்கும் சேர்த்து 10. அதுவும் நடுவில் ஒரு மரமும் இல்லாத சமவெளியில். ஒருவர் 30 மீட்டர் உயர மொட்டைமாடிக்கு ஏறினால் அவர் பங்கு மட்டும் 22 கி.மீ. தாண்டும். பெட்டியில் 30 கி.மீ., 50 கி.மீ. என்று அச்சிடுவது ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு. வீடுகள் நெருங்கிய தெருவில் அரை வாட் செட் ஒரு கிலோமீட்டர் எட்டினாலே பெரிது.

வாட் கூடினால் தூரம் கூடாதா? கூடும், ஆனால் விலை கூடும் அளவுக்கு இல்லை. அரை வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போனால் பத்து மடங்கு சக்தி. திறந்த வெளியிலேயே அது மூன்று மடங்கு சொச்சம் தூரம்தான். சுவரும் தெருவும் உள்ள இடத்தில் இரண்டு மடங்கு தேறுவதே கஷ்டம். ஆன்டெனா உயரமும் நீளமும் அதைவிட அதிகம் தரும். ஆன்டெனாவுக்கு ஏற்ற நீளம் கால் அலை: 446 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 17 செ.மீ.; 145-க்கு 52 செ.மீ. 145-ல் பேசும் செட்டோடு வரும் கட்டை விரல் நீள ஆன்டெனா அழகுக்குத்தான்.

ஆகவே தேர்வு இப்படி வரும். மண்டபம், பள்ளி, அடுக்குமாடி, கட்டட வேலை எல்லாவற்றுக்கும் 446 செட் போதும். இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட்டுக்குள், உரிமம் இல்லாமல் பேசலாம். செட்டுக்கு ‘ஈ.டி.ஏ.’ எனப்படும் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள். ஆன்லைனில் 136 முதல் 174, 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் என்று திறந்துவிட்ட செட்டுகள் மலிவாகக் கிடைக்கும். எந்த அலைவரிசையையும் தட்டிப் போட்டுப் பேசலாம் என்பதே அவற்றின் கவர்ச்சி, ஆபத்தும் அதுவே. காவல்துறையின் அலையில் போய் விழுந்தால் ‘தெரியாமல் அழுத்திவிட்டேன்’ எடுபடாது. 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட ஆன்லைன் விற்பனைக்கு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்ததும் இதனால்தான். உண்மையிலேயே பல கிலோமீட்டர் வேண்டும் என்றால் வழி இரண்டு: உரிமம் வாங்கி உயரத்தில் ரிப்பீட்டர் வைப்பது, அல்லது பொழுதுபோக்குக்கு என்றால் தேர்வு எழுதி ஹாம் உரிமம் பெறுவது.

கடலில்: 16-ல் கேட்கிறது, மற்ற சேனலில் கேட்கவில்லை

படகில் வைத்திருக்கும் கடல் வி.எச்.எஃப். கைச்செட்டுக்கே, அதாவது கப்பல், படகுகளுக்கென ஒதுக்கிய அலைவரிசையில் பேசும் செட்டுக்கே, உரிய சிக்கல் இது. சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க ஒன்றுதான். மற்ற சில சேனல்களில் படகு ஒரு அலைவரிசையில் பேசும், இன்னொன்றில் கேட்கும். உதாரணம் 22. சர்வதேச முறையில் படகு பேசுவது 157.1, கேட்பது 161.7, கரை நிலையத்தோடு பேசத்தான் அந்த ஏற்பாடு. இரண்டு படகுகள் அதில் நின்றால் இரண்டும் பேசும், இரண்டுக்கும் கேட்காது. செட்டில் யாரோ அமெரிக்க முறையை அழுத்தியிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். திரையில் சர்வதேச முறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, படகுக்குப் படகு பேச 6, 8, 72, 77 ஆகியவற்றில் ஒன்றுக்குப் போங்கள். சேனல் 70-ல் குரல் பேசக்கூடாது, அது டிஜிட்டல் அபாய அழைப்புக்கு மட்டும். 15, 17 இரண்டும் 1 வாட்டோடு நின்றுவிடும். அங்கே ‘பவர் போகவில்லை’ என்று தேட வேண்டாம்.

செட்டில் ஐ.பி.67 என்ற தண்ணீர் தாங்கும் தரக்குறி இருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது, அதுவும் நல்ல தண்ணீரில், புது ரப்பரோடு. உப்புத் தண்ணீர் பட்டால் கரை சேர்ந்ததும் மூடிகள் எல்லாம் இறுக்கி, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு சார்ஜரில் வைத்தால் தகடுகள் பச்சை பூத்துவிடும். உள்ளே தண்ணீர் போய்விட்டால் ஆன் செய்து பார்க்காமல் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி இருக்கும் இடத்தைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ நொறுங்கலோ தட்டுப்பட்டால் அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.